‘ஏற்கெனவே’ என்ற சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்த கொரோனாவும் சிறுநீரகமும் பற்றிய கட்டுரையில் ஒரு வரி இருந்தது. ‘ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகியிருந்தவர்களுக்கே டயலிசிஸ் தேவைப்பட்டது, மற்றவர்கள் பயப்படத் தேவையில்லை.’ வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். என்ன போட்டிருக்கிறது என்று கணவர் கேட்டார். நான் சொல்லவில்லை.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் 2021 பெப்ரவரியில் இரத்தத்தில் பார்த்த கிரியேட்டினின் 1.0. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவு அது, அப்போது சரியாகத்தான் இருந்தது. கிளினிக் கொப்பியில் டொக்டர் கைப்பட எழுதியது இன்னும் இருக்கிறது. ஓகஸ்டில், ஊரடங்கு போட்ட அதே கிழமை, காய்ச்சல் வந்தது. மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கொவிட் வாட்டுக்குள் எங்களை விடவில்லை. ஆறாம் நாள் அங்கே வேலை செய்த ஒரு பிள்ளை இரக்கப்பட்டுத் தன் போனில் அவரைக் காட்டியது. முகத்தில் ஒக்சிசன் மாஸ்க். கட்டிலுக்குக் கீழே சலம் போகிற பை தொங்கியது. அதன் அடியில் ஒரு விரல் உயரம்கூட இல்லை. நிறம் பிளேன்ரீ மாதிரி. முழு நாளைக்கும் அவ்வளவுதான் என்றது அந்தப் பிள்ளை. அப்புறம் நாலு தரம் டயலிசிஸ் செய்தார்கள். உயிரோடு தந்தார்கள், அதற்கு நன்றி மறக்க மாட்டேன்.

ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த துண்டில் கொவிட் நியூமோனியா என்று மட்டும்தான் இருந்தது. சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பதினாலு நாள் வெளியே போக வேண்டாம் என்றார்கள், மூன்று மாதத்தில் இரத்தம் பார்க்கச் சொல்லவில்லை. முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அது சிறுநீரகத்துக்குக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றது. படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி கிளினிக்குக்குப் போக ஓட்டோ கிடைக்கவில்லை. 2023இல் ஒரு நாள் அவருடைய வீங்கிய காலை விரலால் அமத்தினேன். விழுந்த பள்ளம் எழும்பவேயில்லை. இப்போது கிழமைக்கு இரண்டு நாள் டயலிசிஸ்.

உங்களுக்குத் தெரியாததல்ல. நியூயோர்க்கில் 2020 மார்ச், ஏப்ரலில் கொரோனாவோடு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 5,449 பேரை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே டயலிசிஸில் இருந்தவர்களையும் மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அப்படியும் 36.6 வீதமானோருக்குச் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர். சீனி, பிறஷர் இருந்தால் ஆபத்துக் கூடத்தான், சரி. ஆனால் பிராணவாயு குறைவது, பிறஷர் விழுவது, சின்னச் சின்ன நாளங்களில் இரத்தம் கட்டிப்படுவது எல்லாம் நல்ல சிறுநீரகத்தையும் கெடுக்கும். தாதியாக இருக்கும் மகளிடம் கேட்டு எழுதுகிறேன்.

இந்த ‘ஏற்கெனவே’ எனக்குப் புதிதல்ல. அந்த நாட்களில் வந்த மரண அறிவித்தல்களை நினைத்துப் பாருங்கள். வயது, ஊர், பிறகு கூடவே இருந்த நோய்கள். செத்தவரிலேயே குற்றம் என்பது போலத்தான் எங்களுக்குப் பட்டது. காத்தான்குடியில் என்னோடு படிப்பித்த ஆசிரியையின் வாப்பாவை அப்படி ஒரு வரியில் முடித்தார்கள், கொவிட்டில் இறந்த முஸ்லிம்களையும் எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் அப்போது சொன்னதால், குடும்பம் மன்றாடியும் எரித்தார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்க அனுமதித்தபோது அவள் என்னிடம் வந்து அழுதாள், வாப்பாவுக்கு அது கிடைக்கவில்லையே என்று.

இன்னொன்று. விவசாயிகளுக்கு வருகிற சிறுநீரக நோய் என்றால் உங்கள் பத்திரிகைக்கு அனுராதபுரமும் பொலனறுவையும்தான். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியும் மகாஓயாவும் இருக்கின்றன. அந்த விவசாயிகளும் வருடக்கணக்காக இதோடுதான் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு நிருபரை அனுப்பக்கூடாதா? முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவள் நான். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு மனம் நொந்து எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். கொரோனா கடுமையாக வந்து வாட்டில் கிடந்தவர்கள், முன்பு நல்லாக இருந்திருந்தாலும், இரத்தத்தில் கிரியேட்டினினும் சலத்தில் புரதமும் பார்த்துக்கொள்ளட்டும். நோவுக் குளிசையை டொக்டரைக் கேட்காமல் போட வேண்டாம் என்றும் சேருங்கள். அந்த வரியையும் திருத்துங்கள். செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் வந்தால் நல்லது. அன்றைக்குத்தான் எங்கள் கிளினிக்; காத்திருக்கிற வாங்கில் ஒரே பத்திரிகையைப் பத்துப் பேர் கைமாற்றி வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
படுவான்கரை, மட்டக்களப்பு