ஜன்னலுக்கும் அளவெடுக்கத் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், ரிமோட்டை அழுத்தினால் ஏறி இறங்கும் ஜன்னல் திரைகளைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. சோபாவின் நிறத்துக்கு ஏற்ற துணி, செல்போனில் இயக்கும் வசதி என்று எல்லாம் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்ற பேச்சு மட்டும் இல்லை. நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவன் நான். ஆளைப் பார்க்காமல் துணி எடுக்கச் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

உறையூரில் எங்கள் வீட்டு மாடிக் கூடத்துக்கு மேற்கே இரண்டு ஜன்னல், படுக்கையறைக்கு வடக்கே ஒன்று. மாலை மூன்றரைக்கு மேல் கூடத்தில் வெயில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். என் மனைவிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை மேலே போவதில்லை; திரைச்சீலையை இழுப்பதே பாடு. மணிச் சங்கிலி தொங்கும் ரோலர் திரை மலிவுதான். ஆனால் பேரனுக்கு இரண்டு வயது, வளையமாக எது தொங்கினாலும் தலையை நுழைப்பான். கழுத்தை இறுக்கும் இந்த ஆபத்துக்காகவே அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து, கடையில் தயாராக விற்கும் திரைகளில் குழந்தைக்கு எட்டும்படி கயிறு கூடாது என்று தர விதியை மாற்றினார்கள். சரி, மோட்டாரே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

முதல் திரையில் நான் கோட்டை விட்டேன். “அளவை நீங்களே போனில் சொல்லலாம்” என்றார் கடைக்காரர். டேப் கழுத்திலேயே கிடந்த ஆளிடம் இதைச் சொன்னால் கேட்க வேண்டுமா? 48 அங்குலம் என்றேன். நான் சொன்னது ஜன்னலின் அகலம். அவர்கள் எடுத்துக்கொண்டது துணியின் அகலம். இந்தத் திரையில் மோட்டார் குழாய்க்குள் இருக்கிறது, குழாயின் இரு முனையிலும் பிடிமானம் வேண்டும். அதனால் மொத்த அகலம் துணியைவிட ஒன்றேகால் அங்குலம் போல அதிகம். வந்த திரை, சுவருக்குள் ஜன்னல் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் நுழையவே இல்லை. அளவு கொடுத்துச் செய்ததைத் திருப்பி வாங்கமாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு வேறொரு பட்டறையில் குழாயையும் துணியையும் அறுத்துக் குறைத்து வாங்கினேன். அதற்குத் தனிக் கூலி.

அதற்கப்புறம்தான் மூன்று இடத்தில் டேப் வைத்தேன். மேலே 1219 மில்லிமீட்டர், நடுவில் 1215, கீழே 1210. கொத்தனாரின் பூச்சு அப்படி! குழிக்குள் மாட்டுவதென்றால் இருப்பதில் சிறியதைத்தான் கொடுக்க வேண்டும். மார்பு, இடுப்பு, சீட் என்று தனித்தனியாக அளந்தே காலம் தள்ளியவனுக்கு இது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது. இன்னொன்று, நம் ஊர் ஜன்னலில் கொசுவலைக் கதவு பெரும்பாலும் உள்பக்கம் திறக்கும். திரையைக் குழிக்குள் மாட்டினால் சுருட்டியிருக்கும்போதுகூட அது கதவின் தலையில் இடிக்கும். அந்தக் கதவுகளைக் கழற்றிவிட்டு வெல்க்ரோ வலை ஒட்டினோம். படுக்கையறையில் மட்டும் திரையைச் சுவரின் மேலேயே, இருபுறமும் மூன்று அங்குலம் ஏறும்படி மாட்டினோம். குழிக்குள் மாட்டினால் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிச்சம் கோடு போடும், தூங்க முடியாது.

துணி விஷயத்துக்கு வருகிறேன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், நெசவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். வெயிலை மறைக்கும் இந்தத் திரைத் துணிகளில் 1, 3, 5 சதவீதம் என்று இடைவெளிக் கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு அத்தனை பங்கு ஓட்டை என்று அர்த்தம். மூன்று துண்டு கேட்டு வாங்கி, மாலை நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் டேப் போட்டு ஒட்டிவைத்தேன். 5 சதவீதத் துண்டில் சூரியன் வட்டமாகவே தெரிந்தது, கண் கூசியது. 1 சதவீதத்தில் எதிர்வீட்டுத் தென்னை மங்கிப்போனது. 3 சதவீதம் சரியாக இருந்தது. நிறத்திலும் ஒரு சங்கதி உண்டு. கறுத்த துணியில் வெளியே நன்றாகத் தெரியும். வெளிர் துணி வெயிலைத் திருப்பி அனுப்பும். நாங்கள் வெளிர் சாம்பல் எடுத்தோம்.

மாட்டிய அன்று இரவு மனைவி தெருவில் இறங்கி நின்று, “உள்ளே விளக்குப் போடுங்க” என்றாள். போட்டேன். “நீங்க லுங்கியை மடிச்சுக் கட்டுறது வரைக்கும் தெரியுது” என்றாள். பகலில் மறைக்கும் துணி, விளக்கேற்றினால் எதிர்ப்புறமாக வேலை செய்கிறது. நான் தைத்த பழைய பருத்தித் திரைச்சீலை இப்போது அதன் பக்கத்திலேயே தொங்குகிறது.

வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது என்று சொல்வார்கள். நம் ஊரில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் எங்கள் படுக்கையறை சாட்சி.

மோட்டாரில் கரண்ட் வயர் இழுப்பது ஒரு வகை, சார்ஜ் ஏற்றும் பேட்டரி ஒரு வகை. வீடு கட்டும்போதே ஜன்னல் தலைமாட்டில் ஒரு பாயின்ட் விட்டிருந்தால் வயர்தான் நல்லது, சார்ஜ் போட யாரும் ஏணி ஏற வேண்டாம். எங்களுடையது பெயின்ட் அடித்து முடித்த வீடு, சுவரை உடைக்க மனமில்லாமல் பேட்டரி வாங்கினோம். அதிலும் ஒரு லாபம் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலெல்லாம் கரண்டை நிறுத்தும் நாளில், வயர் திரை வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் பாதி இறங்கிய திரையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

திரை கூசலைத்தான் நன்றாகத் தடுக்கிறது. கண்ணாடி தாண்டி உள்ளே வந்த சூட்டை அதனால் முழுதாக வெளியே அனுப்ப முடியாது. அதனால் மேற்கு வராந்தாவில் பழைய மூங்கில் தட்டியை நான் கழற்றவில்லை. மகனுக்கு அது அசிங்கமாகத் தெரிகிறது, தெரியட்டும்.

கடைக்காரர்கள் அளவுத் தாளில் ஜன்னல் அளவா, துணி அளவா என்று எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். பில்லில் துணியின் சதவீதத்தையும் மோட்டாரின் உத்தரவாதத்தையும் குறிக்கட்டும். இதை உங்கள் இதழ் எழுதினால் அவர்கள் கேட்பார்கள். அப்புறம், உறையூருக்கு இந்த மாத மின்தடை என்றைக்கு என்று இன்னும் நீங்கள் போடவில்லை. அதையும் கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர்,
உறையூர், திருச்சி.