வீட்டுத்திட்டத்தில் மண்கல்லுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போருக்குப் பின் இலங்கையின் வடக்கே வன்னியில் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகளில் பெரும்பாலானவை சீமெந்துக் கல்லால், ஏறத்தாழ ஒரே அமைப்பில் கட்டப்பட்டவை. இந்திய அரசின் நிதியில் 2012 இல் பெருமளவில் ஆரம்பித்த இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபாய் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளியே முன்நின்று தன் வீட்டைக் கட்டும் அந்த முறை மக்களை நம்பியது. அதை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் ஊரெல்லாம் ஒரே காலத்தில் கல்லுக்கும் மணலுக்கும் மேசனுக்கும் அலைந்தபோது விலை ஏறியது. கொடுத்த பணம் கூரை மட்டத்துக்கு எட்டாத பலர் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வீட்டை முடித்தார்கள்.

பின்னர் வீடொன்றுக்கு 21 இலட்சம் ரூபாய் செலவில் 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தது. வெயிலில் கொதிக்கும், பழுதுபட்டால் ஊரில் திருத்த ஆளில்லாத, உள்ளூர்த் தொழிலாளிக்குக் கூலி தராத வீடு வேண்டாமென்று மக்களும் பொறியியலாளர்களும் வாதிட்டதில் முழு நியாயம் இருந்தது. அந்த எதிர்ப்பைப் புது முறைகள் மீதான வெறுப்பாக எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது.

எங்கள் காலடியிலேயே ஒரு மாற்று உண்டு. கிரவல் கலந்த செம்மண்ணைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு சீமெந்து சேர்த்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமல் சில வாரங்கள் ஈரத்தில் பதப்படுத்தினால் உறுதியான மண்கல் கிடைக்கும். விறகு எரிவதில்லை, ஆற்று மணலின் தேவையும் வெகுவாகக் குறைகிறது. இலங்கைத் தர நிறுவனம் இதற்கு 2009 இலேயே தனி நியமம் வகுத்துவிட்டது. செங்கல்லை நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டும் அப்படித்தான்: கல்லில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு மிச்சமாகும், வீடும் குளிர்ச்சியாக இருக்கும். இவ்விரண்டும் இந்திய வீட்டுத்திட்ட காலத்தில் வன்னியிலேயே செய்துகாட்டப்பட்டவை. ஆயினும் பரவவில்லை. திட்டம் முடிந்ததும் பயிற்றுவித்தவர்கள் போய்விட்டார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓலைக் கொட்டிலிலும் தறப்பாளிலும் வாழ்ந்த சனத்துக்கு, மண் என்றாலே மறுபடியும் ஏழ்மைக்குத் திரும்புவதாகத் தோன்றியது. அந்த மனநிலையை நான் குறைகூற மாட்டேன். அதை மாற்ற வேண்டிய பொறுப்பு அரசுடையது. முன்பள்ளியையும் பொதுநோக்கு மண்டபத்தையும் கிராம அலுவலர் அலுவலகத்தையும் முதலில் மண்கல்லால் கட்டட்டும். சனம் தானாகக் கேட்டு வரும்.

எல்லா மண்ணும் இதற்கு உதவாது. களி மிகுந்த வயல் மண் வெடிக்கும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வெள்ளம் நின்ற தாழ்நிலங்களில் அத்திவாரத்தையும் கீழ் வரிசைகளையும் கருங்கல்லாலோ சீமெந்துக் கல்லாலோதான் எழுப்ப வேண்டும். மண்ணைச் சோதிக்கக் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும், மேசன்மாரைப் பயிற்ற அதே இடத்தில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. ஒவ்வொரு பிரதேச செயலர் பிரிவிலும் மண்கல் அழுத்தும் இயந்திரம் ஒன்றை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் ஒப்படைத்தால், வீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்குக் கூலியாகத் திரும்பும்.

மிச்சப்படும் பணத்தை அந்தந்தக் குடும்பத்தின் தேவைக்கே செலவிட வேண்டும். போரில் காலை இழந்தவர் வாழும் வீட்டுக்குச் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையும் அகலக் கதவும், வளவின் பின்மூலையில் அல்லாமல் வீட்டோடு சேர்ந்த மலசலகூடமும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். தையலால் பிழைப்பவருக்கு அகன்ற விறாந்தை வேண்டும். கோடையில் கிணறு வற்றும் ஊர்களில் கூரை நீரைப் பீலி வழியே சேர்க்கும் தொட்டியும் அவசியம். 550 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1,250 மில்லிமீற்றர் மழை பெய்தால், வீணாவது போகவே ஏறத்தாழ 50,000 லீற்றர் சேரும்.

தேசிய வீடமைப்பு அதிகார சபைக்கு இன்னொரு வேண்டுகோள். மண்கல்லை வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில்தான் நம்பி அறுக்கலாம். முதற்கட்டக் கொடுப்பனவு ஐப்பசி மழையோடு கைக்கு வருமாயின் அந்த ஆண்டு வீணாகிவிடும்; ஆகவே சித்திரைக்குள் அதை விடுவிக்க ஒழுங்கு செய்ய வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
ஒட்டுசுட்டான்.