ஜெபம் நடத்துகிறவர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு மடல்

மயிலாடுதுறை தொடங்கி வேதாரண்யம் வரை, சபைகளிலும் வீட்டுக் கூட்டங்களிலும் ஜெபம் நடத்துகிற போதகர்களுக்கும் ஊழியர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் தோத்திரம்.

தரங்கம்பாடிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமம் எனக்கு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1706-ல் வந்து இறங்கிய கரை, புதிய ஏற்பாடு தமிழில் 1715-ல் அச்சாகி முடிந்த ஊர் என்று சண்டே கிளாஸ் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறவள். உங்களுக்குப் பின்னால் முழங்கால் போட்டு ஆமென் சொல்லியே வளர்ந்தேன். அந்த ஆமெனைப் பற்றித்தான் எழுதுகிறேன். சில ஜெபங்களுக்கு இனி என் வாயிலிருந்து அது வராது.

என் சித்திக்கு வெகுநாளாகச் சர்க்கரை. நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே நின்ற கால். ஒரு வருஷம் நாற்று பறிக்கும்போது பாதத்தில் என்னவோ குத்திவிட்டது. புண் ஆறவே இல்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு நான்தான் அழைத்துப்போனேன். நடத்தியவர் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபித்தார். அதுவரை சரி, யாக்கோபு நிருபம் சொல்லுகிற முறைதான். அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சுகம் கிடைத்தது என்று விசுவாசிக்கிறீர்களா, சிஸ்டர்? விசுவாசித்தால் மாத்திரை எதற்கு?" கூட்டம் முழுக்க அல்லேலூயா. நானும் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு துணிப்பை கிடைத்தது. உள்ளே மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியபடி. ஒன்றுகூடப் பிதுக்கியிருக்கவில்லை. தூக்கி எறியச் சித்திக்கு மனசு வரவில்லை. விழுங்கவும் பயம், விழுங்கினால் விசுவாசம் போய்விடுமே என்று. அதற்குள் பாதம் கறுத்துப்போயிருந்தது. தஞ்சாவூரில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதே ஊழியர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, "எங்கேயோ விசுவாசத்தில் குறை இருந்திருக்கிறது" என்றார். சித்தி தலையை ஆட்டி, அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்று நான் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்க வேண்டும். மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும். ஐயா, இதில் ஜெபிக்கிறவர் யார்? மூப்பர். அப்படியானால் அந்த விசுவாசத்தை யாரிடம் தேடவேண்டும்? படுக்கையில் கிடப்பவளிடம் அதை அளந்து பார்க்க அந்த வசனத்தில் இடமே இல்லை.

பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினார், நீங்கவில்லை. கெத்செமனேத் தோட்டத்தில் ஆண்டவர் கேட்டும் பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. இவர்களுடைய விசுவாசத்தில் குறை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தப் பவுலோடு லூக்கா என்ற வைத்தியர் இருந்தார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனத்துக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுலே எழுதினார். மருந்தும் ஜெபமும் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றுக்கொன்று சண்டை போடாது.

அதே யாக்கோபு நாலாம் அதிகாரத்தில் "தகாதவிதமாய்" விண்ணப்பம்பண்ணுவதைப் பற்றிச் சொல்கிறார். தங்கள் இச்சையை நிறைவேற்றக் கேட்கிறவர்களைத்தான் சொல்கிறார். காரும் பங்களாவும் கேட்பதற்கு எதிராக இதை வைத்து நன்றாகவே பிரசங்கம் செய்கிறீர்கள். நோயாளி எழுந்து மேடையில் சாட்சி சொல்லவேண்டும், அதனால் என் கூட்டத்துக்குப் பேர் வரவேண்டும் என்பதும் இச்சைதானே?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2023-ல் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்தபோது ஒரு கூட்டத்தில், "கர்நாடகாக்காரன் அணையை உடைத்துப்போடும் ஆண்டவரே" என்று ஜெபம் ஏறியது. வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு; எங்கள் வாய்க்காலில் அன்று நண்டுகூட இல்லை. ஆனால் அணை உடைந்தால் முதலில் அடித்துப்போவது அங்கே ஆற்றோரம் குடியிருக்கிறவனைத்தானே? சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டும் என்று கேட்ட சீஷர்களான யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் அதட்டினார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று கேட்கத்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த 'எங்களுக்கு' என்பதில் மாண்டியா விவசாயியும் உண்டு. குடகில் மழை பெய்து, இருபக்கமும் வயல் நிறைய, பங்கிட வேண்டியவர்கள் நியாயமாய்ப் பங்கிடும்படி கேளுங்கள். உரக்க ஆமென் சொல்கிறேன். ஐப்பசியில் எங்கள் சபையிலேயே ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்: கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழை வேண்டாம் என்கிறவர், சம்பாப் பயிருக்கு மழை வேண்டும் என்கிறவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஜெபிக்கத் தெரியவேண்டும், அது லேசான காரியம் இல்லை.

ஜெபக்குறிப்பு என்று ஒரு தாய் காதோடு காதாகச் சொன்னதை மைக்கில் ஆண்டவருக்கு அறிவிக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும். புதிதாகத் தெரிந்துகொள்வது ஊர்தான்.

எப்படித்தான் ஜெபிப்பது என்று கேட்பீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, வேதாரண்யம் பக்கம் அரிசி மூட்டை கொண்டுபோனோம். ஒரு தோப்பில் தென்னை அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தோப்புக்காரர் ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார், யார் என்ன கேட்டாலும் பதில் இல்லை. எங்களோடு வந்த வயதான உபதேசியார் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் சும்மாவே இருந்தார். அப்புறம் மெதுவாக, "ஆண்டவரே, பிள்ளைபோல வளர்த்த மரம். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூடவே இரும்" என்றார். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, பாவம் தேடவில்லை, இரட்டிப்பாய்த் திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த மனிதர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

சித்தி இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார், மாத்திரையும் தவறாமல் போடுகிறார். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரவேண்டும் என்று ஆசை. "என்னை எழுப்பிச் சாட்சி கேட்பார்களா?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டார். கேட்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றிக் கொடுங்கள். ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள், தரையில் உட்கார முடியாது.

இப்படிக்கு,
உங்கள் சபையாள் ஒருத்தி