'வலுப்படுத்துங்கள்' என்பதற்கு முன் ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அடிவயிற்று வலி பற்றி வெளியான குறிப்பைப் படித்தேன். நாள்பட்ட வலி உள்ளவர்கள் இடுப்புத்தளத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் நிவாரணம் கிடைக்கும் என்று அதில் ஒரு வரி இருந்தது. 26 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் வேலை, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் வேலை, பார்ப்பவன் நான். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அந்த வரியில் சரியாகவே இருக்கின்றன. பொருளில்தான் பிழை. அந்தப் பிழையை மூன்று வாரம் என் உடம்பிலேயே செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

வலி இருந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்ல வாய் வருவதற்கே எனக்கு நான்கு மாதம் பிடித்தது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடம். கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். சில நாள் சிறுநீர் வெளியேறும் நுனியில் எரிச்சல். சில நாள் வால் எலும்பில் குடைச்சல். மருத்துவரிடம் "கீழே வலிக்கிறது" என்றேன். "கீழே என்றால் எங்கே?" என்று அவர் கேட்டார். "கீழேதான்" என்று மறுபடியும் சொன்னேன். அடுத்தவர் எழுத்தில் ஒரு சொல்லுக்கு ஆறு மாற்றுச் சொல் தேடித் தருபவனுக்கு, தன் உடம்பைப் பற்றிப் பேச அந்த ஒரு சொல்தான் இருந்தது. பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி வளர்ப்புச் சோதனை, ஸ்கேன், புராஸ்டேட்டுக்கான (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் உள்ள சுரப்பி) ரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தன. எந்தத் தாளிலும் குறை இல்லை. ஆனாலும் புராஸ்டேட் அழற்சியாக இருக்கலாம் என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தரப்பட்டன. மூன்றாவது முறை ஆறு வாரம். வயிறு கெட்டதுதான் மிச்சம். புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படும் ஆண்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பாக்டீரியா எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1999-இல் வெளியான அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் வகைப்பாட்டில் இத்தகைய வலிக்குத் தனிப்பிரிவே இருக்கிறது; அதில் புராஸ்டேட்டோடு 'நாள்பட்ட இடுப்புக்குழி வலி' என்பதும் பெயரில் சேர்ந்திருக்கிறது. புராஸ்டேட் குற்றவாளியாகவே இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு அந்தப் பெயரே இடம் தருகிறது.

இந்த நிலையில்தான், உங்கள் குறிப்பைப் போன்றே ஒரு குறிப்பை வேறோர் இதழில் படித்து, இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியைத் தொடங்கினேன். சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, பத்து எண்ணி, விடுவது. ஒரு வேளைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. செய்வதைத் திருந்தச் செய் என்று வளர்ந்தவன். ஒரு வேளைகூடத் தவறவில்லை. இரண்டாம் வாரம் மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்தது. தாரை மெலிந்தது. வலி தொடையின் உட்புறம் வரை இறங்கியது. பயிற்சி போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கையைப் பதினைந்தாகக் கூட்டினேன்!

அந்தப் பயிற்சியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1948-இல் அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்ட் கெகல், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தசை தளர்ந்து சிறுநீர் கசியும் பெண்களுக்காக அதை எழுதி வெளியிட்டார். தளர்ந்த தசைக்கு அது நல்ல மருந்து. என் தசை தளரவில்லை, விட மறந்துபோயிருந்தது. முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தூளி கட்டியது போல விரிந்து, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்குகிற தசைகள் இவை. பெண்களுக்குக் கருப்பையையும் சேர்த்துத் தாங்குகின்றன. ஆண்களுக்கும் இவை உண்டு என்பதையே நான் 51 வயதில்தான் அறிந்தேன். நாளெல்லாம் முஷ்டியை மூடியே வைத்திருந்தால் கை என்ன ஆகும்? அப்படி வலிக்கிற கையிடம் இன்னும் இறுக்கு என்று சொல்வதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். சிறுநீர்ப்பை வலி நோய்க்கான அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: இடுப்புத்தளத்தில் தொட்டால் வலிப்பவர்களுக்குப் பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் பிசியோதெரபியைப் பரிந்துரைக்க வேண்டும், வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர்தான் விரலால் அழுத்திப் பார்த்து, "கிருமி இல்லை, தசை இறுகியிருக்கிறது. இடுப்புத்தளப் பிசியோதெரபிக்குப் போய்ப் பாருங்கள்" என்று சீட்டு எழுதித் தந்தார். அந்தச் சீட்டை அகராதிக்குள் செருகி வைத்தேன். ஐந்து மாதம் அங்கேயே இருந்தது.

அந்த ஐந்து மாதத்தைப் பற்றித்தான் உங்கள் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் சீட்டை வாங்கிக்கொண்டு என்னைப் போலவே பூட்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வெட்கம் ஒரு காரணம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய காரணம் வேறு. பிசியோதெரபி என்ற சொல் எனக்கு மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்பது போல ஒலித்தது. மாத்திரை இருந்தால் நோய் இருக்கிறது. பயிற்சி என்றால் "உனக்கு ஒன்றுமில்லை, மனம்தான் காரணம்" என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். கூடவே ஒரு கணக்கும் இருந்தது: போய், அதுவும் பலிக்காவிட்டால்? சீட்டு அகராதிக்குள் இருக்கும் வரை ஒரு வழி மிச்சம் இருக்கிறது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். போய்த் தோற்றுவிட்டால் அதுவும் இல்லை.

"இது பலிக்குமா?" என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்ததால் எனக்கு முடிவு கிடைக்கவில்லை. அதற்கு யாரும் உறுதி தர முடியாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். சிறுநீர்ப்பை வலியும் இடுப்புத்தளத்தில் தொடுவலியும் உள்ள 81 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இடுப்புத்தளத் தசைச் சிகிச்சையும் இன்னொரு குழுவுக்கு உடல் முழுவதும் சாதாரண மசாஜும், ஆளுக்குப் பத்து அமர்வு வரை கொடுத்திருக்கிறார்கள். தேறியிருப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் நூற்றுக்கு 59, இரண்டாவதில் 26. மெய்ப்புத் திருத்துபவனின் கண் அடுத்த வரிக்கும் போனது: வலியையும் சிறுநீர் கழிக்கும் அவசர உணர்வையும் தனித்தனியே அளந்தபோது இரண்டு குழுவிலும் குறைந்திருக்கிறது, இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. தவிர, அவர்கள் பெண்கள், நான் ஆண். அவர்கள் நோயும் என் நோயும் அச்சு அசல் ஒன்றல்ல. நூற்றுக்கு 41 பேருக்குச் சொல்லும்படி தேறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஆறு முறை போய்ப் பார்த்தால் நான் எதை இழப்பேன்? எதைக் கண்டால் தொடர்வேன், எதைக் காணாவிட்டால் நிறுத்துவேன்? வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறார்களே, அது எனக்கு வரவில்லை. காலையில் நான்கு என்பதும் மாலையில் எட்டு என்பதும் என் மனநிலையைத்தான் காட்டின. அதனால், எழுந்திருக்காமல் எத்தனை பக்கம் மெய்ப்புப் பார்க்க முடிகிறது என்பதையே அளவாக வைத்தேன். அப்போது அது நான்கு பக்கம். ஆறு அமர்வுக்குப் பிறகும் நான்காகவே இருந்தால் நிறுத்திவிடுவது என்று எழுதி வைத்தேன்.

என் மனைவிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "வருடக்கணக்காக நின்றுகொண்டே சாப்பிடுகிறீர்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாருங்களேன்" என்றாள்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாப் பிசியோதெரபிஸ்டுகளும் இந்தத் தசைகளைப் பார்ப்பவர்கள் அல்லர். இதற்கென்று தனியாகப் பயின்றிருக்க வேண்டும். ஆண்களைப் பார்ப்பதுண்டா, உள்ளே விரல் வைத்துச் செய்யும் பரிசோதனை கட்டாயமா, கூட ஒருவரை அழைத்து வரலாமா என்றும் கேட்டேன். கட்டாயமில்லை, உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் இல்லை, நடுவில் 'போதும்' என்றால் அந்தக் கணமே நிறுத்திவிடுவோம் என்றார்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்.

முதல் நாள் உடையைக்கூடத் தளர்த்தவில்லை. முக்கால் மணி நேரம் பேச்சுத்தான். எத்தனை மணி நேரம் உட்காருகிறேன், மலம் கழிக்க முக்குகிறேனா, வேலை நெருக்கடியில் பல்லைக் கடிப்பேனா என்றெல்லாம் கேட்டார் பிசியோதெரபிஸ்டான அந்த இளைஞர். பிறகு மல்லாந்து படுக்கச் சொல்லி, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். "சார், வயிற்றை எதற்காக இப்படிப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்?" என்றார். நான் பிடிக்கவே இல்லை என்றேன். "சரி, விடுங்கள்" என்றார். விட முயன்றேன். எதை விடுவது என்று தெரியவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது உதரவிதானம் இறங்கும், அதோடு இடுப்புத்தளமும் சற்றுக் கீழே இறங்க வேண்டும். எனக்கு மூச்சு நெஞ்சோடு நின்றுவிட்டது. 50 ஆண்டுக்கு மேல் மூச்சு விட்டவனுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார்கள்.

உள்பரிசோதனைக்கு இரண்டாம் அமர்வில் சம்மதித்தேன். கையுறை அணிந்த ஒரு விரல், ஆசனவாய் வழியாக. வெட்கம் அரை நிமிடம் இருந்திருக்கும். அதன் பிறகு நடந்ததில் வெட்கம் மறந்துபோயிற்று. வலப்பக்கச் சுவரில் ஓரிடத்தை மெல்ல அழுத்தினார். சிறுநீர் நுனியில் அதே எரிச்சல் எழுந்தது. சற்றுப் பின்னே தள்ளி அழுத்தினார்; வால் எலும்பில் அதே குடைச்சல். எத்தனையோ பரிசோதனைத் தாள்களில் அகப்படாத என் வலி, ஒருவர் விரல் நுனியில் அகப்பட்டது. "இதுதான், இதேதான்" என்று கத்திவிட்டேன். மனம்தான் காரணமோ என்ற சந்தேகத்துக்கு அந்த மேசையிலேயே பதில் கிடைத்தது.

ஆனால் அன்று இரவும் மறுநாளும் வலி இரட்டிப்பானது. இப்படி ஓரிரு நாள் நோவு எடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லியிராவிட்டால் அத்தோடு நின்றிருப்பேன். நான்காம் அமர்வு வரை பக்கக் கணக்கு நான்கு, ஐந்து, நான்கு என்றே இருந்தது. ஆறாம் அமர்வின்போது ஏழு. அதனால் தொடர்ந்தேன். 14 வாரத்தில் பத்து அமர்வு முடிந்தபோது பதினொரு பக்கம். இன்றும் அதே அளவில்தான் இருக்கிறேன். வலி போய்விடவில்லை; வேலை குவியும் வாரங்களில் கூழாங்கல் திரும்பி வருகிறது. வீட்டில் தினமும் இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சியும், முழங்காலை மார்போடு அணைத்துத் தசையைத் தளர்த்தும் பயிற்சியும் செய்கிறேன். அதைச் சோம்பலில் விட்டால் பத்து நாளில் கணக்கு எட்டுக்கு இறங்கிவிடுகிறது.

நான் தேறியதால் எல்லோரும் முதலில் இங்கே ஓட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாமல் உடல் மெலிவது இவை இருந்தால் முதலில் மருத்துவர்தான். தொடைகளுக்கு நடுவே திடீரென்று மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போனால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) போன்ற நோய் அடியில் இருந்தால், தசையைத் தளர்த்துவது அந்த நோயைப் போக்காது. அதற்கான சிகிச்சையோடு சேர்த்துத்தான் உதவும்.

உங்களிடம் நான் கேட்பது சிறிய திருத்தம். அந்தக் குறிப்பை மறுபடி அச்சிடும்போது "வலுப்படுத்தும் பயிற்சி" என்பதற்கு முன் "தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்ட பிறகு" என்று சேர்த்துவிடுங்கள். ஒரு வரி கூடும். இடம் போதாவிட்டால் பக்கத்துப் படத்தைச் சற்றுச் சுருக்கலாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அலுவலகத்தில் நான் அடிக்கடி எழுந்து நடப்பதற்கு மூலநோய்தான் காரணம் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அதைத் திருத்த எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர்