யார் பெற்ற பிள்ளையோ, உங்களுக்கு என் நன்றி

ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களை எனக்குக் கொடுத்த, முகம் தெரியாத என் டோனருக்கும், உங்கள் செல்களை என்னிடம் கொண்டுவந்து சேர்த்த எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் டாக்டர் என் மருந்துச் சீட்டில் இருந்த சைக்ளோஸ்போரினை, அதாவது நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கும் மருந்தை, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். இனி உங்கள் செல்களும் என் உடம்பும் மருந்தின் காவல் இல்லாமலே சேர்ந்திருக்கும் என்று அதற்கு அர்த்தம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இந்த வகை மருந்தைச் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்ட எனக்கு 16 மாதத்தில் நிறுத்த முடிந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

முதல் நன்றி என் அக்காவுக்கும் தம்பிக்கும். எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் இருவரும் பரிசோதனைக்கு ஓடினார்கள். இருவருக்கும் பொருந்தவில்லை. அக்கா, அதை நீ இன்னும் மனதில் வைத்துப் புழுங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். எச்எல்ஏ என்ற அடையாள மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதால், அம்மாவிடமிருந்து ஒரு கட்டும் அப்பாவிடமிருந்து ஒரு கட்டும் அப்படியே வந்துவிடும். நம் இருவருக்கும் அதே இரண்டு கட்டுகள் வந்திருக்க நாலில் ஒரு வாய்ப்புதான். பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பாதிப் பொருத்தத்திலும் இப்போது மாற்று செய்கிறார்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே நீ லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். நீ பின்னால் நிற்கிறாய் என்ற தைரியத்தில்தான் வெளியே தேட முடிந்தது.

அடுத்து, அந்தத் தேடலைச் செய்தவர்கள். ஐந்து எச்எல்ஏ மரபணுக்கள், ஒவ்வொன்றிலும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஆக மொத்தம் பத்து. பத்துக்குப் பத்து பொருந்தினால் நல்லது என்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த மரபணுக்களில் இதுவரை கண்டறியப்பட்ட வடிவங்களே 30,000-க்கும் மேல். உலகம் முழுக்க டோனர் பதிவகங்களில் 4 கோடிக்கும் அதிகமானவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அப்படியும் ஒருவர்கூடக் கிடைக்காமல் போகிறவர்கள் உண்டு. ஷெர்லி நோலன் என்ற தாய் தன் மகன் ஆண்டனிக்காக 1974-இல் லண்டனில் ஒரு பதிவகத்தைத் தொடங்கினார். அந்தப் பையனுக்குப் பொருத்தம் கிடைக்கவே இல்லை. 1979-இல் ஏழு வயதில் இறந்துபோனான். அதற்குப் பிறகும் அந்தப் பதிவகம் மற்றவர்களுக்காகத் தேடிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

எனக்கு முதலில் பொருந்தி வந்தவர் வேறு ஒருவர். அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, போன் எண் மாறியிருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வாரம் என் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பதிவகத்தில் பெயர் கொடுத்தவர்கள் இதைப் படித்தால், உங்கள் எண்ணும் முகவரியும் அங்கே இன்றைய தேதிக்குச் சரியாக இருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

பட்டியலில் அடுத்து இருந்தது நீங்கள். போனை எடுத்தீர்கள், சரி என்றீர்கள்.

அப்புறம் நீங்கள் செய்ததையெல்லாம் எனக்குச் சொன்னது நர்ஸ்தான். ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் இறங்கி வருவதற்காக நாலைந்து நாள் ஊசி போட்டுக்கொண்டிருப்பீர்கள், எலும்பெல்லாம் வலித்திருக்கும். பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காகக் கையை நீட்டிப் படுத்திருப்பீர்கள். அதே நாட்களில் இங்கே கீமோ ரத்தம் உருவாகும் என் எலும்பு மஜ்ஜையைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தது. அது தொடங்கிய பிறகு நீங்கள் மனம் மாறியிருந்தால் நான் பிழைப்பது கஷ்டம். அது உங்களுக்கும் சொல்லப்பட்டிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு அந்தச் சில நாட்களை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்று அடிக்கடி யோசிக்கிறேன். நமக்குக் காய்ச்சல் வந்துவிடக்கூடாதே என்று பயந்திருப்பீர்களா?

அந்தப் பையைக் கொண்டுவந்தவருக்கும் நன்றி. குளிர்பெட்டியை அவர் வழி முழுக்கக் கையைவிட்டு இறக்கவில்லை, எக்ஸ்ரே மெஷினுக்குள்ளும் விடவில்லை என்றார்கள். எடுத்த செல்களை 72 மணி நேரத்துக்குள் ஏற்றிவிடப் பார்ப்பார்கள். அவர் வந்த அன்றே எனக்கு ஏற்றிவிட்டார்கள். ஏதோ பெரிய ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்த என் அப்பா, ஒரு சின்னப் பை சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். செல்கள் தாங்களே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்விடும் என்று நர்ஸ் சொன்னதும் அவர் கண் கலங்கிவிட்டது. "யார் பெற்ற பிள்ளையோ" என்று மட்டும் சொன்னார்.

வாய் முழுக்கப் புண்ணோடு எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்த இரவுகளில் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களே, பதினேழாம் நாள் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறியபோது நீங்கள் கதவுக்கு வெளியே கைதட்டியது எனக்குக் கேட்டது.

கவுண்ட் ஏறினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அங்கேதான் தொடங்கியது. மற்ற உறுப்பு மாற்றுகளில் வந்த உறுப்பை உடம்பு விரட்டப் பார்க்கும். இதில் வந்து சேர்வதே ஒரு நோய் எதிர்ப்புப் படை. அது உடம்பையே அந்நியம் என்று நினைத்துவிடலாம். பத்துக்குப் பத்து பொருந்தினாலும், பட்டியலில் இல்லாத சின்னச் சின்னப் புரதங்களில் இரண்டு மனிதர்கள் வேறுபடத்தான் செய்வார்கள். மூன்றாம் மாதம் ரத்தத்தில் உங்கள் செல்களின் பங்கு குறைந்து, என் பழைய செல்கள் தலைதூக்கின. உங்கள் செல்களுக்குப் பலம் கிடைக்கட்டும் என்று டாக்டர் சைக்ளோஸ்போரினைக் குறைத்தார். உங்கள் செல்கள் மறுபடி முழுவதுமாக நிறைந்தன. அடுத்த சில வாரங்களில் உள்ளங்கையும் முதுகும் சிவந்து தடித்தன. வந்த செல்கள் உடம்பைத் தாக்கும் இந்த நிலைக்கு ஜிவிஎச்டி என்று பெயர். நான் பயந்துபோனேன்.

"லேசான சண்டை இருந்தால் எனக்கு நிம்மதி" என்றார் டாக்டர். உடம்பைத் தாக்குவது உங்கள் எதிர்ப்புப் படையின் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்களைத் தேடிக் கொல்வதும் அதே டி செல்கள்தாம். அவற்றை முன்கூட்டியே வடிகட்டிவிட்டுக் கொடுத்துப் பார்த்தபோது சண்டை குறைந்தது, ஆனால் புற்றுநோய் திரும்புவது கூடியது என்று விளக்கினார். டாக்டர், அந்த மெல்லிய கோட்டின்மேல் என்னை நீங்கள் நடத்திக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மருந்தை ஏற்றி, மாதம் மாதம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

இந்தச் சமாதானம் எப்படி வந்தது என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் ஸ்டெம் செல்களிலிருந்து பிறக்கும் புது டி செல்கள், என் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்ப் பாடம் படிக்கின்றன. என் உடம்பைக் கடுமையாக எதிர்ப்பவை பெரும்பாலும் அங்கேயே கழிக்கப்படுகின்றன. தப்பி வருகிறவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. அவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் மேரி பிரன்கோவுக்கும் ஃபிரெட் ராம்ஸ்டெலுக்கும் ஷிமோன் சகாகுச்சிக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. செய்தியைப் படித்ததும் வெட்டி எடுத்து என் மருந்து டப்பாவுக்குள் வைத்துக்கொண்டேன்.

நம் இருவரின் ரத்த வகை வேறு. மாற்றுக்கு அது பொருந்தவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லையாம். பி பாசிட்டிவாகப் பிறந்த நான் இப்போது படிவங்களில் ஓ பாசிட்டிவ் என்று எழுதுகிறேன். பழைய எதிர்ப்புச் சக்தி போய்விட்டதால், குழந்தையில் போட்ட தடுப்பூசிகளை மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதிவகம் வழியாக உங்களுக்குத் தனியாகவும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெயர், ஊர் எதுவும் எழுதக்கூடாது என்பது விதி. இருவரும் சம்மதித்தால் பிறகு விவரங்களைத் தருவார்களாம். என் பக்கத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அதுவும் சரி. அவசரமே இல்லை.

என்றும் அன்புடன்,
உங்கள் செல்களைப் பெற்றுக்கொண்டவர்