மணக்குடிக் காயலில் பாய் விரிக்க உதவிய உங்களுக்கு

முட்டத்திலும் குளச்சலிலும் மணக்குடியிலும் எங்கள் தெருவிலும் இருக்கும் என் அன்புக்குரியவர்களே,

உங்கள் உதவியோடு என் வீட்டு வராண்டாவில் நான் கட்டிய பாய்ப்படகு மிதக்கிறது. பழையாறு கடலைச் சேரும் மணக்குடிக் காயலில் நானும் மகளும் தை மாதக் காலையில் பாய் விரித்துப் போய்த் திரும்பினோம். அன்று கரையில் உங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் முட்டத்து ஓடாவி ஐயா, படகு கட்டும் தச்சர். நான் கொண்டுபோனது 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் வடிவமைத்த மிரர் படகின் கட்டுமுறை. பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ரெசின் பசையும் (நான் பயன்படுத்தியது எபாக்சி) கண்ணாடியிழை நாடாவும் ஒட்டும் முறை அது. ஐயாவுக்கு இதில் புதுமை எதுவும் தெரியவில்லை. கயிற்றால் பலகை தைத்த வள்ளங்களைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். 1980களில் முட்டத்தில் மரைன் பிளைவுட் படகுகள் கட்டியபோது அந்த வேலையில் கை பழகியவர். அணியத்துப் பலகை, அதாவது படகின் முன்பக்கப் பலகை, வளைய மறுத்து முறுக்கிக்கொண்டு நின்ற அன்று பஸ் பிடித்து நாகர்கோவில் வந்தார். "பலவைய மல்லுக்கட்டப்பிடாது சாரே. வெந்நித் துணியப் போட்டுட்டு கொஞ்சம் பொறும்" என்றார். பொறுத்தோம். வளைந்தது. கூலி என்று நீட்டியதை வாங்கவில்லை. கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஐயா, அந்த வளைவைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கைதான் நினைவுக்கு வருகிறது.

பிளைவுட் கடை அண்ணாச்சி, மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ள பலகையிலும் ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க விட்டீர்கள். கடையில் கூட்டம் நின்றபோதும் முகம் சுளிக்கவில்லை.

குளச்சலில் ஃபைபர் வேலை செய்யும் தம்பி இல்லையென்றால் பாதி ரெசின் வீணாகியிருக்கும். நம் ஊர் வெயிலில் கலந்த எபாக்சியைக் கப்பிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் வேலைக்கு நேரம் கிடைக்கும். ஈரக்காற்றில் இறுகிய பூச்சின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் வரும், அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீர்விட்டுக் கழுவ வேண்டும். இதையெல்லாம் வேலை முடிந்த களைப்பிலும் போனில் பொறுமையாகச் சொன்னான். தொழில் ரகசியம் என்று எதையும் ஒளிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா தந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் அவர்கள் தோட்டத்து அயனி சாய்ந்தது. அறுத்துக் காயவைத்திருந்த அந்தப் பலகைதான் இன்று படகின் விளிம்புச் சட்டமாகவும் பாய்மரத்தின் அடிக்கட்டையாகவும் இருக்கிறது. அந்தப் புயல் மரங்களோடு போகவில்லை. ஓடாவி ஐயா வீட்டில் நான் சந்தித்த ஓர் அம்மா தம்பியைக் கடலில் இழந்தவர். படகின் இருபுறமும் காற்றுப்புகாமல் அடைத்த அறைகள் உண்டு, கவிழ்ந்தாலும் மூழ்காது என்று விளக்கினேன். அமைதியாகக் கேட்டார். பிறகு, "அது படகுக்கு. பிள்ளைக்கு என்ன வச்சிருக்கிய?" என்று கேட்டார். அம்மா, மகளுக்கும் எனக்கும் மிதவைச் சட்டை வாங்கிவிட்டேன். அது இல்லாமல் இருவரும் படகில் கால் வைப்பதில்லை.

மணக்குடிப் பாட்டா, ஆடி கழியும்வரை தண்ணீரில் இறக்காதே என்று தடுத்தீர்கள். காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது, சாய்த்துச் சாய்த்து ஏற வேண்டும் என்பதைப் படத்தில் படித்திருந்தேன். ஆனால் காற்று மாறுவதைப் பிடரியில் உணரச் சொன்னது நீங்கள். "பெலமா அடிச்சா தாமான விட்டிரு மக்களே, பாயி தானா அடங்கிரும்" என்று, பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைப் பற்றிக் கரையிலிருந்து நீங்கள் கத்தியது மகளுக்கு மனப்பாடம்.

வராண்டாவை மாதக்கணக்கில் விட்டுக்கொடுத்து, மரத்தூள் பறந்த வீட்டிலும் கிழங்கும் மீன்கறியும் தட்டாமல் தந்த என் மனைவிக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. பாயைத் தைத்துக் கொடுத்த தையல்கார அண்ணனுக்கும், பாயைத் தாங்கும் கழியான பருமலுக்கு மூங்கில் தேடித் தந்தவருக்கும் என் வணக்கம்.

பலகைகளின் அச்சுகளை ஹார்ட்போர்டில் வெட்டி வைத்திருக்கிறேன். ஓடாவி ஐயா திருத்திய அளவுகள் அதிலேயே பென்சிலில் இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது கட்ட ஆசையிருந்தால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்புகளும் சும்மாதான் கிடக்கின்றன.

நன்றியுடன்,
நாகர்கோவில் கணக்கு வாத்தியார்