ஹெல்மெட்டுக்குள் எந்த இயர்போன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் இயர்போன் வாங்குவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், பேஸ் எப்படி இருக்கும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எது சரிப்படும் என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மருந்து கம்பெனி ரெப். திருமங்கலத்தில் வீடு. வாரத்தில் 4 நாள் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று நான்குவழிச் சாலையில் பைக்கில்தான் போய் வருகிறேன். 11 வருடமாக இதே ஓட்டம். போன வருடம் ராத்திரி படுத்தால் காதுக்குள் கொய்ங் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஃபேனை நிறுத்திப் பார்த்தேன், அது நிற்கவில்லை. வழக்கமாக மருந்துப் பையோடு போய் நிற்கும் காது மூக்கு தொண்டை டாக்டரிடமே டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று வரைந்து காட்டும் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. இரைச்சலில் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளமாம். "முன்னாடி மில்லுல வேலை பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

மில் இல்லை, காற்றுதான். 70, 75 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபல் அளவுக்குப் போய்விடும் என்றார். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைதான் இருக்கலாமாம்; மூன்று டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகுமாம். அப்படியானால் 91-க்கு வெறும் 2 மணி நேரம். நானோ அந்த இரைச்சலுக்கு மேல் மேப் குரல் கேட்க வேண்டும் என்று வால்யூமை முழுக்க ஏற்றி வைத்திருந்தேன்.

அப்போது நான் போட்டிருந்தது காதின் வாயில் சும்மா உட்காரும், தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் வகை. அது காற்றைக் கொஞ்சமும் தடுக்காது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது கன்னத்துப் பஞ்சில் மாட்டி வெளியே வந்துவிடும். சாத்தூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒன்று அப்படித்தான் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அடுத்து, இரைச்சலை அடக்கும் வசதி உள்ளது ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் அருமை. வண்டியில் தாடைக்குக் கீழிருந்து ஏறும் காற்று, வெளிச்சத்தத்தைக் கேட்டு அடக்குவதற்காக அதில் இருக்கும் மைக்கில் அடித்து, புஸ் புஸ் என்று அதுவே தனிச் சத்தமானது. போதாததற்கு ஹெல்மெட்டின் உள்பஞ்சு தொடு பட்டனை அழுத்தி, தானாக யாருக்காவது போன் கால் போகும்.

இப்போது வைத்திருப்பது வயர் உள்ளது. காதுக்குழிக்குள்ளேயே அடங்கிவிடும் தட்டையான உடல், காதுக்குப் பின்னால் சுற்றிப் போகும் வயர், முனையில் ரப்பருக்குப் பதில் நுரைப்பஞ்சு. பஞ்சை விரலில் உருட்டி ஒல்லியாக்க வேண்டும். மறு கையால் காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடித்து உள்ளே நுழைத்து, அது விரியும் வரை 20 எண்ண வேண்டும். சரியாக உட்கார்ந்ததும் ரோட்டுச் சத்தம் கதவைச் சாத்தியதுபோல் இறங்கும். வால்யூம் கால்பங்கு போதும். ஒன்றிரண்டு மாதத்தில் வியர்வையில் பஞ்சு விறைத்துவிடும், மாற்றிவிட வேண்டும்.

காதை அடைத்தால் ஹாரன் கேட்காதே என்பார்கள். ஹைவேயில் ஹாரன் சத்தத்தைக் கேட்கவிடாமல் மூழ்கடிப்பது காற்றிரைச்சல்தான். அது குறைந்த பிறகு பின்னால் வரும் லாரியின் ஹாரன் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது. ஆனால் பாட்டும் பேச்சும் ஓடினால் கவனம் போய்விடும். எனக்கு மேப் குரல் மட்டும்தான். ஊருக்குள் நுழையும்போது ஓரம் கட்டி, இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவேன். தெருவில் குழந்தை கூப்பிடுவதும் சைக்கிள் மணியும் காதில் விழ வேண்டும்.

என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த முறை இயர்போன் பற்றி எழுதும்போது, தயவுசெய்து ஹெல்மெட் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். அப்புறம், பாட்டும் மேப்பும் தேவைப்படாதவர்களுக்கு வெறும் நுரைப்பஞ்சு அடைப்பானே போதும். நான் ஆர்டர் எடுக்கும் மெடிக்கல் கடைகளில் கேட்டால் பாதிப் பேர் அது என்ன என்கிறார்கள். ஹெல்மெட் விற்கும் கடைகள் கல்லாப் பக்கம் ஒரு டப்பா வாங்கி வைக்கட்டும். எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வந்திருக்கும் 22, 23 வயதுப் பையன்கள் தினமும் இதே ரோட்டில்தான் போகிறார்கள்.

இப்படிக்கு,
மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர்,
திருமங்கலம்.